கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு மார்மைட்டில் விடை கண்ட லூசி வில்ஸ்: ரத்தம் ஏற்றும் நிலை வராமல் தடுக்க முடியுமா?

நீங்கள் பாயான் லெப்பாஸில் இருக்கிறீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பெயர் பதிக்கப் போனால் முதலில் என்ன நடக்கும்?

எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அப்புறம் மிஸ்ஸி கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, தாய்மார்களுக்கான பிங்க் நிறப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் என்ற இடத்தில் ஓர் எண்ணை எழுதுவார். வீடு திரும்பும்போது கையில் மாத்திரைப் பொட்டலம் இருக்கும். அதில் இரும்புச் சத்து மாத்திரையும் சின்னதாக மஞ்சள் மாத்திரையும் இருக்கும்.

அந்த மஞ்சள் மாத்திரைதான் ஃபோலிக் அமிலம். குமட்டுகிறது, மறந்துவிட்டது, சின்ன மாத்திரைதானே என்று பலர் அதை மேசை மேலேயே விட்டுவிடுவது உண்டு.

ஆனால் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. பம்பாய் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், குன்னூர் மலையில் ஓர் ஆய்வுக்கூடம், சென்னையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரி, கடைசியில் நம் ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும் மார்மைட் பாட்டில் என்று எல்லாமே அதில் வருகின்றன.

கதையின் நாயகி லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர்.

யார் இந்த லூசி வில்ஸ்?

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். வசதியான, படிப்பை மதித்த குடும்பம்.

கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911-இல் தேர்வுகளை முடித்துவிட்டார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. தேர்வில் தேறினாலும் பெண்களுக்குப் பட்டம் இல்லை என்பதுதான் அன்றைய கேம்பிரிட்ஜின் விதி. அந்த விதி மாற 1948 வரை ஆனது.

அதே 1911-இல் தந்தை இறந்தார். இரண்டு ஆண்டுகளில் அக்காவும் இறந்தார். 1913-இல் தாயுடன் இலங்கைக்குப் பயணம் போனார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டராகத் தாதி வேலை பார்த்தார்.

அதன் பிறகு இங்கிலாந்து திரும்பியவர், 1915-இல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிரிட்டனில் பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய முதல் கல்லூரி அதுதான். 1920-இல் டாக்டர் ஆனபோது அவருக்கு வயது 32.

டாக்டரான பிறகும் கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்க்கும் வழியில் அவர் போகவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கர்ப்பகால நோய்களை ஆராயும் பிரிவில் சேர்ந்தார். நுண்ணோக்கியும் ரத்தத் துளியுமாக அவருடைய வாழ்க்கை அமைந்துபோனது.

பம்பாய்ப் பெண்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது?

1920-களில் இந்தியாவில் பிரசவத்தை ஒட்டி ஏராளமான பெண்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்டறிய ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இந்தியாவில் நீண்ட காலம் பணியாற்றிய மார்கரெட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர், அந்த ஆய்வில் சேர லூசியை அழைத்தார்.

1928-இல் லூசி பம்பாய் வந்து, ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் வேலையைத் தொடங்கினார்.

அவர் பார்த்த பெண்களில் பலர் பஞ்சாலைத் தொழிலாளிகள். கர்ப்பம் முற்ற முற்ற முகம் வெளிறிப்போகும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். பிரசவ வலியைத் தாங்கும் தெம்பே இருக்காது. பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கக்கூடிய அளவு ரத்தம் போனாலும், இவர்கள் உயிருக்கே ஆபத்து.

அவர்களுடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு விநோதம் தெரிந்தது. இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறி இருக்கும். இங்கே நேர்மாறாக, எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் இருந்தன. கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் வரக்கூடிய 'பெர்னீஷியஸ் அனீமியா' என்ற கொடிய ரத்தசோகையிலும் இதே போலத்தான் இருக்கும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் எண்ணியிருந்தார்கள்.

லூசிக்குச் சந்தேகம் வந்தது. நுண்ணோக்கியை விட்டுவிட்டு அவர் பார்த்த அடுத்த இடம் சாப்பாட்டுத் தட்டு.

யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். யாருடைய சாப்பாடு மிக மோசமாக இருந்ததோ அவர்களுக்கே ரத்தசோகை அதிகம் வந்தது. பம்பாயில் அந்த நிலையில் இருந்தவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். கீரை, காய், பழம், பால், இறைச்சி எல்லாம் எட்டாத சாப்பாடு அது. இது பரம்பரை நோயோ வெயிலால் வரும் நோயோ அல்ல, தட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ரத்தம் ஏற்றியிருக்கலாமே?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். ரத்தம் குறைந்த பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினால் போதுமே, தட்டை எதற்கு ஆராய வேண்டும்?

ரத்தம் ஏற்றும் மருத்துவமே தாய்மார்களுக்காக வளர்ந்த மருத்துவம்தான். பிரசவத்தில் ரத்தம் வடிந்து பெண்கள் இறப்பதைப் பார்த்து வேதனைப்பட்ட ஜேம்ஸ் பிளண்டெல் என்ற லண்டன் மகப்பேறு மருத்துவர், 1818-இல் ஒரு மனிதரின் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிப் பார்த்தார். பிரசவ ரத்தப்போக்கில் இருந்த ஒரு பெண் இப்படிப் பிழைத்ததை 1829-இல் எழுதி வெளியிட்டார்.

ஆனால் யாருக்கு யார் ரத்தம் சேரும் என்பது அவருக்குத் தெரியாது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டது 1901-இல்தான். ஆர்எச் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற வேறுபாடு தெரியவந்தது 1940-இல்.

லூசி பம்பாய் வந்த 1928-இல் ரத்த வங்கி என்று ஒன்றே கிடையாது. அந்தப் பெயரோடு முதல் ரத்த வங்கி அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்கியதே 1937-இல்தான். அதற்கு முன்பெல்லாம் கொடையாளியை அந்த நேரத்தில் தேடிப்பிடித்து, வகை பார்த்து, அவர் உடம்பிலிருந்து எடுத்த கையோடு ஏற்ற வேண்டும். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ அது எட்டாக் கனி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாள்பட்ட ரத்தசோகையால் ஏற்கெனவே தளர்ந்துபோன இதயத்துக்கு, திடீரென்று ஏறும் ரத்தமே பாரமாகி மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். அதுமட்டுமல்ல. ஏற்றிய சிவப்பணுக்கள் சில வாரங்களில் அழிந்துவிடும். குறைபாடு அப்படியேதான் இருக்கும்.

ஆகவே அந்தப் பெண்களின் உடம்பே மறுபடியும் ரத்தம் ஊறச் செய்வதற்கு வழி தேட வேண்டியிருந்தது. அதுவும் ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில்.

குன்னூரில் எலிகள், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி

1929-இல் லூசி தன் வேலையைச் சில மாதங்களுக்கு நீலகிரியில் உள்ள குன்னூருக்கு மாற்றினார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறி, இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

பம்பாயின் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரி உணவை அவர் வெள்ளை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. கர்ப்பமான எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது நோய் வரவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம் என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் எலிகளின் உடம்பில் பேன் இருந்ததும், அந்தப் பேன் பரப்பிய கிருமியாலும் ரத்தசோகை வரக்கூடும் என்பதும் தெரியவந்தது. முடிவை அப்படியே நம்ப முடியாமல் போய்விட்டது. ஆய்வைக் குரங்குகளை வைத்து மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள்.

1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கோஷா என்றால் பர்தா. ஆண் மருத்துவர்களிடம் போகத் தயங்கிய, போக அனுமதிக்கப்படாத பெண்களுக்காக 1885-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அதை உருவாக்கப் பாடுபட்ட மேரி ஷார்லீப், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பிறகு லூசி படித்த அதே லண்டன் கல்லூரியிலும் படித்தவர்.

உங்கள் உறவினர்கள் சென்னை திருவல்லிக்கேணி பக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இன்று அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனாலும் பழைய ஆட்களுக்கு அது இன்னமும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

மார்மைட் எப்படி மருந்தானது?

மார்மைட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காய்ச்சல் வந்தால் கஞ்சியில் கலந்து குடிப்போம். சீனர் கடைகளில் மார்மைட் கோழி கிடைக்கும். கறுப்பாக, கெட்டியாக, உப்புக் கரிக்கும்.

பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து அதை எடுக்கிறார்கள். 1902-இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஈஸ்ட் சாற்றிலேயே மலிவாகக் கிடைத்தது அதுதான்.

ரத்தசோகையால் துவண்டுபோன குரங்குக்கு லூசி மார்மைட் கொடுத்துப் பார்த்தார். குரங்கு தேறியது. அதன் பிறகு பம்பாயில் நோயுற்ற கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். வெளிறிய பெண்களின் உடம்பில் புதிய சிவப்பணுக்கள் உருவாகத் தொடங்கின. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, தெம்பு வந்தது.

1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதி வெளியிட்டார். இந்த ரத்தசோகையைக் குணப்படுத்தலாம், முன்கூட்டியே தடுக்கவும் செய்யலாம் என்பது அதன் சாரம்.

இன்னொரு முக்கியமான சோதனையும் செய்தார். அந்தக் காலத்தில் பெர்னீஷியஸ் அனீமியாவுக்கு ஈரல் சாறுதான் மருந்து. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசே கிடைத்தது. நன்கு சுத்திகரித்த ஈரல் சாறு பெர்னீஷியஸ் அனீமியாவைக் குணமாக்கியது. ஆனால் லூசியின் கர்ப்பிணிகளுக்கு அது வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு மட்டும் வேலை செய்தது.

அப்படியென்றால் ஈரலில் ஒன்றல்ல, இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சுத்திகரிக்கும்போது இவர்களுக்குத் தேவையான பொருள் நீங்கிவிடுகிறது. அது ஈஸ்டிலும் இருக்கிறது. அது என்னவென்று தெரியாததால் மருத்துவ உலகம் அதற்கு 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தது.

இலங்கையில் 1934-35-இல் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது, பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த கிராம மக்களுக்கு சூரிய மல் இயக்கத் தொண்டர்கள் மார்மைட் கொடுத்தார்கள்.

வில்ஸ் காரணி என்பது என்ன?

விடை தெரிய இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1941-இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் அந்தப் பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

1945-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய லெடர்லே நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தவர். அந்த ஸ்ப்ரூவால் வரும் ரத்தசோகைக்கும் பின்னர் ஃபோலிக் அமிலம் மருந்தானது.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது? ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்குள் இருக்கும் மரபுப் பொருளும் இரண்டாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால் எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகும். லூசி நுண்ணோக்கியில் பார்த்த பெரிய அணுக்களுக்குக் காரணம் இதுதான்.

கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும். வயிற்றில் பிள்ளையும் நாளுக்கு நாள் வளரும். இரண்டு பேருக்கும் அணுக்கள் பெருக வேண்டும். அதனால்தான் முதலில் சிக்கிக்கொள்பவர் கர்ப்பிணி.

லூசியின் மற்ற ஆண்டுகள்

1933 வரை பெரும்பாலும் இந்தியாவில் இருந்த லூசி, 1937-38-இல் மீண்டும் பம்பாய் வந்தார். பிறகு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் முழுநேர நோயியல் மருத்துவரானார்.

இரண்டாம் உலகப் போரில் அந்த மருத்துவமனை மீதும் ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்தது. 1944 ஜூலையில் நடந்த அந்தத் தாக்குதலில் சிலர் உயிரிழந்தார்கள். சில நாட்கள் தடைபட்ட வேலை மறுபடியும் தொடர்ந்தது. போர் முடிந்தபோது நோயியல் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே ரத்தவியலுக்கு முதன்முதலாகத் தனிப் பிரிவைத் தொடங்கியவரும் அவரே.

1947-இல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ஊட்டச்சத்தையும் ரத்தசோகையையும் ஆராய்ந்தார். கடைசிப் பத்து ஆண்டுகள் செல்சியில் தொழிற்கட்சியின் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சைக்கிளில் சுற்றுவதும் மலை ஏறுவதும் அவருக்குப் பிடித்தவை.

1964 ஏப்ரல் 16-ஆம் தேதி காலமானார். தன் கண்டுபிடிப்பு இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் பார்க்கவில்லை.

1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் ஒரு பெரிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடாத குறைபாட்டோடு ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அதே குறைபாடு மறுபடியும் வரும் ஆபத்து 72 விழுக்காடு குறைந்தது.

ரத்தம் எப்போது ஏற்றுவார்கள்?

மாத்திரை வந்துவிட்டது, அதனால் ரத்தம் ஏற்றுவது தேவையில்லை என்று அர்த்தமா? நிச்சயமாக இல்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பை இறுகிச் சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறிவிடும். வேலை விடும் நேரத்தில் பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை கார் ஓட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். அந்த நேரக் கணக்கு இதற்குச் சரிப்படாது. அந்த நிலையில் தாயைக் காப்பாற்றுவதில் மருந்தோடு ரத்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் இங்கேதான். ஹீமோகுளோபின் 12 உள்ள ஒருவர் முக்கால் லிட்டர் ரத்தத்தை இழந்தாலும் சமாளிக்கலாம். 7 உள்ளவருக்கு அதே இழப்பு உயிர்ப் பிரச்சினை.

ரத்தம் ஏற்றுவதில் சில சங்கடங்களும் உண்டு. ஒரு பை சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம்தான் கூடும். காய்ச்சல், ஒவ்வாமை வரலாம். இனியும் பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கு, ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகி, அடுத்த கர்ப்பத்தில் பிள்ளையின் ரத்தத்தைத் தாக்கவும் கூடும். அதனால்தான் மருத்துவர்கள் அவசரம் என்றால் உடனே ஏற்றுகிறார்கள், அவசரம் இல்லை என்றால் மாத்திரையாலோ நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச் சத்தாலோ சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

ஆனால் மருத்துவர் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். இன்றைய ரத்தம் வகை பார்த்து, கிருமிப் பரிசோதனை செய்து, உங்கள் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே ஏறுகிறது.

நீங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பாயான் லெப்பாஸில் ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. 1972-இல் இங்கே சுதந்திர தொழில் வட்டாரம் வந்தபோது மின்னணுத் தொழிற்சாலைகளில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். இன்றும் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்கள் ஏராளம்.

பம்பாய் ஆலைப் பெண்களைப் போன்ற வறுமை இன்று இங்கே இல்லைதான். ஆனால் நேரம் இல்லை. இரவு ஷிஃப்டில் ஒரு பாக்கெட் மீ, காலையில் ரொட்டி சானாய், ஒரு தேத்தாரே. வயிறு நிறையும், ஆனால் தட்டில் கீரை இருக்காது.

உங்கள் பிங்க் புத்தகத்தைத் திறந்து ஹீமோகுளோபின் எண்ணைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் பொதுவாக ரத்தசோகை என்பார்கள். 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. எண் புரியவில்லை என்றால் மிஸ்ஸியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பிள்ளை பெறத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குவது நல்லது. கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாட்களில் பிள்ளையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதே தெரியாத நேரம் அது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்லும் அளவு நாளுக்கு 0.4 மில்லிகிராம். முன்பு குறைபாடுள்ள பிள்ளை பிறந்திருந்தாலோ வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தாலோ அளவு கூடும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீர், காப்பி, பால் எல்லாம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். தேத்தாரே குடித்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆரஞ்சு, கொய்யா போன்ற பழங்களோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். அது மாத்திரையால் வருவது.

முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, வெண்டைக்காய் இவற்றிலெல்லாம் ஃபோலிக் அமிலச் சத்து இருக்கிறது. கீரையை வெகுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தும் அதோடு போய்விடும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறைபாட்டை ஃபோலிக் அமிலம் மூடி மறைத்துவிடக் கூடும்.

மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களும் கணிசமாக உண்டு. அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். ஆனால் காரணம் இரும்புக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இரும்பு மாத்திரையைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கணவரையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் பிள்ளை இருந்தால், அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி அது.

சரி, மார்மைட் சாப்பிட்டால் போதாதா? போதாது. லூசியின் காலத்தில் மாத்திரை இல்லை, அதனால் மார்மைட். இன்று உங்களுக்கு மாத்திரையே கிளினிக்கில் கிடைக்கிறது. மார்மைட்டில் உப்பும் அதிகம். ரொட்டியில் தடவிச் சாப்பிட ஆசையாக இருந்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கணவரும் வீட்டாரும் செய்யக்கூடியது

கர்ப்பிணி ரத்த தானம் செய்யக்கூடாது. ஆனால் வீட்டில் உள்ள மற்றவர்கள் செய்யலாம். பொதுவாக 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் இருந்தால் போதும். பினாங்கு பொது மருத்துவமனையின் ரத்த வங்கியிலும் அவ்வப்போது நடக்கும் ரத்த தான முகாம்களிலும் கொடுக்கலாம்.

பாயான் லெப்பாஸில் எத்தனையோ பொருள்களைத் தயாரித்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். ரத்தத்தைத் தயாரிக்க மட்டும் எந்தத் தொழிற்சாலையும் இல்லை. நள்ளிரவில் பிரசவ அறையிலிருந்து ரத்தம் கேட்டு அழைப்பு வந்தால், யாரோ ஒருவர் முன்கூட்டியே கொடுத்துவைத்ததுதான் அங்கே போய்ச் சேரும்.

லூசி வில்ஸின் 131-ஆவது பிறந்தநாளான 2019 மே 10 அன்று கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டது. அப்போதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது.

ஆனால் அவருடைய வேலை அதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று இரவு சாப்பிட்ட பிறகு மேசை மேல் இருக்கும் மாத்திரைப் பொட்டலத்தைப் பாருங்கள். அந்த மஞ்சள் மாத்திரை அதிலேயே இருந்தால், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.